வரிசைத் தட்டில் வந்த ஐந்து மீன்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கமலவேணியின் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "கடல் வெச்சுக்கினு இருக்குதே, அந்தம்மா வூடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள்.

கடல் என்றால் கூடத்துச் சுவரோரம் நிற்கிற நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், பாறைமேல் விரலாகவும் குடையாகவும் விரிந்து அசைகிற பவளங்கள், ஆறு மீன்கள். கடலைப் பார்க்க மணிக்கணக்கில் பஸ் ஏற வேண்டிய ஊரில், அதுவும் முட்டை வாசனைகூட ஏறாத சைவ வீட்டில், இப்படி ஒன்று இருப்பதைத் தெரு சும்மா விடவில்லை.

"இன்னாக்கா, குழம்புக்கு ரெடியாயிடுச்சா?" என்று ஜன்னலில் முகம் வைத்துக் கேட்பார்கள்.

"உன்ன நறுக்கிப் போட்டா ஆயிடும், உள்ள வா" என்பாள் கமலவேணி.

அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. சாயப்பட்டறையில் நிறம் கூட்டுகிற வேலை. வாங்குகிறவர் ஒரு பழைய முந்தானைத் துண்டை நீட்டி இதே அரக்கு வேண்டும் என்றால், அந்த அரக்கைக் கொதிக்கிற தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பவள். அவசரக்காரர்கள் எப்போதும் இன்னும் நாலு கட்டுப் பட்டு நூலையும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். முடியாது என்பாள். சேர்த்துப் போட்டால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும், எனக்கு அந்தப் பேர் வேண்டாம் என்பாள். கல்யாணத்துக்கும் அப்படித்தான் மூன்று பேருக்கு முடியாது சொன்னாள். நாலாவதாக யாரும் கேட்டு வரவில்லை. அம்மா போனபிறகு தம்பி சபாபதியின் குடும்பத்தோடு அதே வீட்டில் இருந்தாள், வீட்டில் பாதி தன் பேரில் இருக்கிறது என்பதை மறக்காமலும், மற்றவர்களை மறக்க விடாமலும்.

அம்மாவின் காரியத்துக்கு இராமேஸ்வரம் போனபோதுதான் கடல் அவளைப் பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியில் அடியில் கண்ணாடி வைத்த படகில் எல்லோரும் ஏறினார்கள். சபாபதி வாந்தி எடுத்தான், அவன் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு கந்தர் சஷ்டி கவசம் சொன்னாள். கமலவேணி குப்புறப் படுத்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டவள், படகுக்காரர் தோளைத் தட்டிக் கரை வந்துவிட்டது என்று சொல்லும் வரை எழுந்திருக்கவில்லை. இத்தனை நிறத்தை எந்தப் பட்டறையில் கூட்டினார்கள் என்பதுதான் அவளுக்கு அன்று ஆறாத ஆச்சரியம்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் போனில் பார்த்தாள், படித்தாள், சென்னையில் தொட்டி வைத்திருந்தவர்களைத் தேடிப் போய்த் தொந்தரவு செய்தாள். கடலிலிருந்து பாறை ஒடித்து வருவது குற்றம் என்று தெரிந்ததும் சிமெண்டும் சிப்பித்தூளும் பிசைந்து தானே பாறை வார்த்தாள். காரம் இறங்க மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தாள். பவளம் மட்டும் ஒருவர் வீட்டுத் தொட்டியில் வளர்ந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தது.

மீன் எத்தனை என்பதில்தான் அவளுக்கும் உலகத்துக்கும் தகராறு. நான்கடித் தொட்டிக்கு ஆறு மீனா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மீன் கடை வைத்திருந்த ஷோயப்கூட, "அக்கா, நீ என் கடைக்கு மீனு வாங்க வர்றதில்ல. வேணாம்னு சொல்றதுக்கு வர்ற" என்று அலுத்துக்கொள்வான். இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குல மீன் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. அவள் அதை மதிக்கவில்லை. கடையில் விரல் நீளம் இருப்பது வளர்ந்தால் முழ நீளமாகும். சிலது பாறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை அண்டவிடாது. சிலது பவளத்தையே கடித்துத் தின்னும். இவை எல்லாவற்றுக்கும் மேல் கரண்டு. மே மாதத்தில் மத்தியானம் கரண்டு போனால் மோட்டார் நிற்கும், தண்ணீர் சுடும், மூச்சுக்குக் காற்று குறையும். அந்த மத்தியானத்தில் எத்தனை உயிர் தாங்குமோ அத்தனைதான் தொட்டியில் இருக்கலாம் என்பது அவள் போட்ட கணக்கு. தண்ணீரில் அழுக்கு ஏறுகிறதா என்று வாரா வாரம் சின்னக் கண்ணாடிக் குழாயில் மருந்து விட்டுப் பார்ப்பாள். நிறம் மாறும். பெட்டியில் அதற்கு ஒரு நிற அட்டை வந்தது. அவள் அதைத் தொட்டதில்லை. இளமஞ்சள் என்றால் நிம்மதி, மாம்பழ மஞ்சள் என்றால் தீனியைக் குறை, அரக்கு என்றால் ஓடிப் போய்த் தண்ணீரை மாற்று.

ஆக ஆறு. ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு ஜோடி கோடு போட்ட கார்டினல், பாசி மேய்கிற ஒன்று, மணலில் பொந்துக்குக் காவல் நிற்கிற ஒரு கோபி. அந்தக் கோபியோடு ஒரே பொந்தில் கண் தெரியாத இறால் ஒன்று குடியிருந்தது. இறால் தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். ஏழாவதுக்கு இடம் இருக்கலாம் என்று அவளுக்கே சில நாள் தோன்றும். விடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சபாபதி மகள் துர்காதேவிக்கு இடம் அமைந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் தறியும் கடையும் உள்ள வீடு. மாப்பிள்ளை விக்னேஷ் அமைதியான பையன். பெண் பார்த்துப் போன நாளிலிருந்து இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவன் அம்மா பட்டம்மாள்தான் அந்த வீட்டின் குரல். பெண் பார்க்க வந்த அன்று பட்டம்மாள் பெண்ணைவிட அதிக நேரம் தொட்டியைத்தான் பார்த்தாள்.

"இம்மாம் பெரிய தொட்டி, வெறிச்சோன்னு கிடக்குதேம்மா" என்றாள்.

கமலவேணி சிரித்துவிட்டு காபி கொடுத்தாள். அதோடு போயிற்று என்று நினைத்தாள்.

போகவில்லை. பெண் வீட்டில் எது காலியாகக் கண்ணில் பட்டதோ அதை வாய்விட்டுச் சொல்லாமல் வரிசையில் நிறைத்து அனுப்புவது பட்டம்மாள் வீட்டுப் பழக்கம். மூத்த மருமகள் வீட்டில் பாத்திர அலமாரி காலியாக இருந்ததைப் பார்த்து ஒரு வண்டி எவர்சில்வர் போனது. நிச்சயதார்த்தத்தன்று பட்டுப் புடவை, பழம், பூ, இனிப்பு, வெற்றிலை பாக்கு என்று தட்டுகள் வரிசையாக உள்ளே வந்தன. கடைசித் தட்டை விக்னேஷ் இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். தட்டில் காற்று அடைத்த ஐந்து பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொரு பையிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. உள்ளே மீன்.

கூடம் முழுக்க ஒரே சந்தோஷம். "அய்யோ, மீனு சீரா! எவனுக்கும் தோணலபா இது" என்று சிரித்தார்கள். வீடியோக்காரர் தொட்டிப் பக்கம் லைட்டைத் திருப்பினார்.

"அத்தை கையால விடட்டும்" என்றாள் பட்டம்மாள். "அஞ்சு கலர்ல கேட்டு வாங்கியாரச் சொன்னேன். ஒத்தப்படை. இப்போ பாரு, உன் தொட்டி கல்யாண வூடு மாதிரி ஆயிடும்."

கமலவேணி கிட்டே போய்க் குனிந்து பைகளைப் பார்த்தாள். ஒரு நீல டாங், நாளைக்கு ஓர் அடி வளரப் போவது. வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று, அவள் பவளத்தையெல்லாம் ஒரு வாரத்தில் மேய்ந்துவிடும். சிங்க மீன் ஒன்று முள்ளை விரித்துக்கொண்டு நின்றது. அதன் வாய்க்குள் கார்டினல் ஜோடி முழுசாகப் போகும். இரண்டு டாம்செல், கட்டைவிரல் அளவு, ஆனால் தெருவில் நாலு வீட்டோடு சண்டை வளர்க்கிற சாதி.

"அழகா இருக்குது" என்றாள். "ஆனா இதுல விட முடியாதும்மா."

யாரோ சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். சபாபதிக்கு மட்டும் தெரியும்.

"அக்கா" என்றான் மெதுவாக, "அஞ்சு மீனுதானே."

"அஞ்சு மீனு இல்லடா. ஒண்ணு என் பவளத்தத் திங்கும், ஒண்ணு என் மீனத் திங்கும், ஒண்ணு தொட்டிய விட்டு வளரும், ரெண்டு ரவுடிங்க. இத உள்ள விட்டா அடுத்த மாசம் நான் வெறும் கண்ணாடியத் தொடச்சுக்கினு உக்காந்திருக்கணும்."

பட்டம்மாள் முகத்திலிருந்த சிரிப்பு அங்கேயே நின்றது. "சரி, அஞ்சு வேணாம். மூணு விடு. மூணும் ஒத்தப்படைதான்."

"மூணும் முடியாது."

"ஏம்மா, புடவ வெல பேசறப்பகூட நாங்க ரெண்டு தடவதான் எறங்கி வருவோம். ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு. சின்னதா இருக்குதே, அந்த நீலம். அதுவாச்சும் போகட்டும். எங்க சீரு உள்ள போச்சுன்னு இருக்கட்டும்."

கூடத்தில் எல்லோரும் கமலவேணியைப் பார்த்தார்கள். ஒன்று என்பது நியாயமாகத்தான் கேட்டது. சபாபதி இன்னும் நியாயமாக ஒரு யோசனை சொன்னான்.

"நீ அந்தத் தண்ணி டெஸ்ட்டு பண்ணுவியேக்கா. பண்ணிப் பாரு. தண்ணி தாங்காதுன்னா சம்பந்திக்கும் புரிஞ்சுடும்."

அவன் தப்பிக்க வழி காட்டுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. குழாயைக் கொண்டுவந்து தண்ணீர் எடுத்தாள், மருந்து விட்டாள், குலுக்கினாள், காத்திருந்தாள். பட்டுப் புடவையும் மல்லிகையுமாக நின்ற பெண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறம் வந்தது. இளமஞ்சள். அந்தக் கூடத்தில் நிறம் தெரியாதவர் ஒருவரும் இல்லை. தறிக்காரர்களும் கடைக்காரர்களும் சாயக்காரர்களுமாக இருந்த கூட்டத்தில் அதை மாம்பழ மஞ்சள் என்று அவள் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் இளமஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அழுக்கு மிஞ்சிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சீர் மானமாகத் திரும்பும், துர்காவின் கல்யாணம் நிற்காது.

"இன்னாம்மா சொல்லுது?" என்றாள் பட்டம்மாள்.

"தண்ணி சுத்தமா இருக்குது. இன்னொண்ணு தாங்கும்."

சபாபதி தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"தாங்கும்னு நீயே சொல்ற!"

"தண்ணி தாங்கும். இருக்கறதுங்க தாங்காது. இவன் போனவொடனே கோமாளி ஜோடி இருக்கற மூலையப் புடிச்சுக்குவான். அதுங்க ரெண்டும் எங்க போவும்? அது மட்டும் இல்ல, புதுசா வர்றதத் தனியா ஒரு மாசம் வெச்சுப் பாக்காம நான் உள்ள விட மாட்டேன். வெள்ளைப்புள்ளி நோவு வந்துச்சுன்னா எல்லாம் சேந்து போயிடும்."

துர்கா புதுப் புடவை சரசரக்க எழுந்து வந்து அத்தையின் காதில் சொன்னாள். "அத்தே, இப்போ விட்டுட்டு, அவங்க போனப்புறம் எடுத்துடலாம். ப்ளீஸ்."

"எடுக்க முடியாதுடி. அது பாறைக்குள்ள பூந்துக்கும். பாறையெல்லாம் கலைச்சாத்தான் வரும். கலைச்சா பவளம் போச்சு."

"அப்போ என் கல்யாணம் போவட்டுமா?"

கமலவேணி அவளைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு அவள்தான் தலை பின்னினாள், அவள்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். தொட்டிக்குத் தீனி போடுவது துர்காவின் வேலை. கோபிக்கும் இறாலுக்கும் புருஷன் பெண்டாட்டி என்று பேர் வைத்தவளே அவள்தான்.

"உன் கல்யாணத்த இந்தத் தொட்டிக்குள்ள போட்டது நான் இல்ல" என்றாள் கமலவேணி. தொட்டி முன்னாலிருந்து அவள் நகரவில்லை. "சம்பந்தியம்மா, உங்க புடவைய வாங்கிக்கிறோம், பூவ வாங்கிக்கிறோம். உங்க பையன எங்க எல்லாருக்கும் புடிச்சிருக்குது. உங்க கால்ல விழச் சொன்னாலும் விழறேன். தொட்டியில எத்தன இருக்கணும்ன்றத மட்டும் நான்தான் முடிவு பண்ணுவேன்."

"யாரும் உன்னக் கால்ல விழச் சொல்லல" என்றாள் பட்டம்மாள். "பத்துப் பேர் முன்னாடி எங்க சீர வேணாம்னுட்ட. இன்னைக்கே இப்படின்னா நாளைக்கு எங்க வூட்டு வாசப்படிக்கு இன்னா மரியாத? எடுங்கடி தட்ட."

ஒருத்தரும் அசையவில்லை. பட்டம்மாள் தானே குனிந்து புடவைத் தட்டை எடுத்தாள். பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள், தயங்கித் தயங்கி, வாழைப்பழச் சீப்பு சரிய, மல்லிகைச் சரம் தரையில் இழுபட. துர்கா சுவரில் சாய்ந்து அழுதாள். சபாபதி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கெஞ்சினான். கமலவேணி அசையாமல் நின்றாள். தன்னை எல்லோரும் பல வருஷங்களுக்குத் திட்டப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பது சுலபமாக இல்லை.

கடைசியாக விக்னேஷ் மீன் தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனான். அவள் பாய்ந்து போய்க் கதவை மறித்தாள்.

"அத வெச்சுட்டுப் போப்பா."

"இன்னாது?" என்று திரும்பினாள் பட்டம்மாள்.

"மீன வெச்சுட்டுப் போவட்டும்."

"சீர வேணாம்னவளுக்கு மீனு மட்டும் வேணுமா?"

"தொட்டியில விட மாட்டேன்னுதான் சொன்னேன். வேணாம்னு எப்போ சொன்னேன்? காலைலருந்து பையில கிடக்குது. எத்தன மணிக்குப்பா வாங்கின?"

"விடியக்காலைலேயே போயி வாங்கினேன்" என்றான் விக்னேஷ்.

"வூட்டுக்கு எடுத்துக்கினு போயி எதுல விடுவ? கொழாத் தண்ணியிலயா? சாயங்காலத்துக்குள்ள அஞ்சும் மெதக்கும். கல்யாணம் வேணாம்னா வேணாம். அதுக்கு இதுங்க ஏன் சாவணும்? குடு."

விக்னேஷ் அம்மாவைப் பார்த்தான். பிறகு பைகளைப் பார்த்தான். நீல டாங் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவன் தட்டை நீட்டினான். கமலவேணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் பின்கட்டுக்கு ஓடினாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்தார். கலியாணசுந்தரம், விக்னேஷின் தாய்மாமன். "பட்டு" என்று தங்கையைக் கூப்பிட்டார், "செருப்பக் கழட்டு."

"ஏன்?"

"தட்டு கை மாறிடுச்சு. மாப்பிள்ள கையால குடுத்தான், பொண்ணோட அத்த ரெண்டு கையாலயும் வாங்கிக்கினா. ஒரு தட்டு உள்ள நின்னா நிச்சயம் முடிஞ்சுதுன்னுதான் நம்ம வழக்கம். மீதித் தட்ட எடுத்துக்கினு போனா நம்மளத்தான் நாலு பேரு கேப்பாங்க."

"அவ மீனு பொழைக்கறதுக்கு வாங்கினாண்ணா! சீருன்னு வாங்கல!"

"எதுக்கு வாங்கினாலும் வாங்கினது வாங்கினதுதான்."

பட்டம்மாள் வாசல்படியிலிருந்து தெருவை எட்டிப் பார்த்தாள். தெருவில் அதற்குள் எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் கதவைத் திறந்து வைத்திருந்தன. "ராங்கி புடிச்சவ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை உதறினாள். தட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பின. துர்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள், மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. வீடியோக்காரர் அதை எடுத்துக்கொண்டார்.

பின்கட்டில் கமலவேணி அரக்குக் கரை போட்ட பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒன்றுமில்லாத ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டிக்குள் பைகளை மிதக்க விட்டிருந்தாள். அதில் பாறை இல்லை, மணல் இல்லை, ஒரு பம்பும் இரண்டு குழாய்த் துண்டுகளும்தான். சிங்க மீனுக்கு மட்டும் தனியாக இன்னொரு பெரிய டப்பாவில் உப்புத் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது.

பட்டம்மாள் வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது தொட்டி இல்லியா? இதுல மட்டும் எல்லாம் போவுதே?"

"இது ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில யாரும் குடியிருக்கறதில்ல. இதுங்க தெளிஞ்சதும், புதன்கிழம உங்க பையன் வந்து வாங்கின கடைக்கே திருப்பிக் குடுத்துடட்டும். நான் தண்ணி, பை எல்லாம் கட்டித் தர்றேன்."

"புதன்கிழம வரைக்கும் உயிரோட இருக்குமா?"

"இருக்க வெப்பேன்."

பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்தாள். நிமிரவில்லை. நீல டாங் மெல்ல நேரானது. சாய்ந்தது. மறுபடி நேரானது.

"கல்யாணத்தன்னைக்கு நீ மணவறப் பக்கம் வரக் கூடாது" என்றாள் பட்டம்மாள். "உன்னப் பாத்தா எனக்குப் பத்திக்கினு வருது."

"வருவேன். மொத வரிசைல உக்காருவேன். நான் தூக்கி வளத்த பொண்ணு."

திரும்பிப் போன பட்டம்மாள் கூடத்து வாசலில் நின்றாள். அங்கிருந்து பெரிய தொட்டி தெரிந்தது. வலது பக்கப் பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு வெறும் தண்ணீர் வெளிச்சத்தில் கிடந்தது.

"அந்த எடம் காலியாவேதான் இருக்கப்போவுதா?"

"ஆமா."

"எதுக்கு?"

"எனக்கு அது காலியாத்தான் இருக்கணும்" என்றாள் கமலவேணி, அடுத்த பையை அவிழ்த்துக்கொண்டே.